சைரசு ராசாவும் சேற்றுக்குள் கிடந்த மரமும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பாரசீக தேசத்துச் சைரசு மன்னனைப் பற்றி யாரும் என்னிடம் வந்து கேட்கலாம். படித்தவர்கள் அவனைப் புத்தகத்தில் பார்த்தவர்கள். நான் ஒரு பின்னேரம் அவனாகவே இருந்தவன்.

நான் ஓடாவி. வள்ளம் கட்டுகிறவனை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்லுவது. பன்னிரண்டு வயதில் இன்னொருவருடைய வாடியில், வள்ளம் கட்டுகிற கொட்டிலில், மரத்தூள் கூட்டப் போனேன். முப்பத்தோராம் வயதில் அதே வாடியை விலைக்கு வாங்கினேன். அளவு நாடா பிடித்து வள்ளம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ணால் அளந்து கட்டுகிறவன். நான் கட்டிய வள்ளம் ஒரு பக்கம் சரிந்து ஓடியது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் வள்ளம் கட்டியவன் எனக்கென்று ஒன்று கட்டவில்லை. அந்தக் குறை தீர ஏழெட்டு வருஷமாக மரம் சேர்த்தேன். பூவரசு, வேம்பு, மருது என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, கடலேரிச் சேற்றுக்குள் புதைத்து வைத்தேன். உப்புச் சேறு குடித்த மரத்தைப் பூச்சி தொடாது, வெயிலுக்கு வெடிக்காது. எங்கள் கரையில் அப்படி ஒரு மரக்குவியல் யாரிடமும் இருந்ததில்லை. எங்கே கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் தொடமாட்டார்கள். வருகிற தையில் ஏரா போடுவது என்று முடிவு. ஏரா என்றால் வள்ளத்தின் அடிக்கட்டை, மனிதனுக்கு முதுகெலும்பு மாதிரி. வள்ளத்துக்குத் தன் தாயின் பெயரை வைக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டிருந்தாள். நானும் ஓமென்றிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. கோட்டை எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும். பீரங்கிச் செல் விழ விழ நாங்கள் எழும்பிப் போனோம். நான் வாளையும் உளிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டேன். மரம் சேற்றுக்குள் இருந்தது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சேற்றுக்குள் விழுகிற செல் வெடித்தாலும் சேற்றைத்தான் கிளறும்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிற்பற்றில் முப்பது குடும்பம் நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு வாழைத்தோட்டக்காரர், பழுத்த சைவர், வாழைக்குலை அடுக்குகிற கொட்டிலையும் அதன் முன்னால் நின்ற பெரிய புளியமரத்து நிழலையும் எங்களுக்கு விட்டுத் தந்தார். முதல் நாளே ஒரு நிபந்தனை சொன்னார்.

"தம்பியவை, மீன் மட்டும் வளவுக்குள்ளை வேண்டாம். மற்றதெல்லாம் உங்கடை வீடு மாதிரி."

என் மச்சான், மனைவியின் தமையன், சும்மா இருக்க மாட்டான். "அண்ணை, மீனுக்கு இஞ்சை எங்கை போறது? உங்கடை கிணத்துக்குள்ளை தவளைதான் கிடக்கு."

"தவளையும் வேண்டாம்," என்றார் அவர். பிறகு தானே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவரும் நாங்களும் ஒன்று.

கடல் இல்லாத இடத்தில் கடற்காரன் என்ன செய்வான்? முதல் கிழமை எங்கள் ஆட்கள் நித்திரை கொண்டார்கள். இரண்டாம் கிழமை கிணற்றுக் கயிற்றுக்குச் சண்டை பிடித்தார்கள். மூன்றாம் கிழமை பங்குச் சுவாமியார் எங்கள் அண்ணாவியாரைக் கூப்பிட்டு, "இதுகள் ஆளையாள் அடிச்சுச் சாகமுன்னம் ஒரு கூத்தைப் போடும்" என்றார்.

அண்ணாவியார் கூத்துப் பழக்குகிறவர். அவரிடம் தானே பாட்டுக் கட்டிய ஒரு கொப்பி இருந்தது. சைரசு மன்னனின் பிறப்பிலிருந்து சாவு வரை. வீட்டை விட்டு ஓடி வரும்போது அரிசியை மறந்தார், கொப்பியை மறக்கவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மீதியா நாட்டு ராசா ஒரு கனவு காண்கிறான். தன் மகளின் வயிற்றிலிருந்து ஒரு கொடி முளைத்து ஆசியா முழுவதையும் மூடுகிறதாம். பிறந்த பேரப்பிள்ளையைக் காட்டில் போட்டுக் கொல்லச் சொல்லுகிறான். ஒரு மாட்டிடையன் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையென்று வளர்க்கிறான். அதுதான் சைரசு. வளர்ந்து பாட்டனையே வெல்லுகிறான். பிறகு பாபிலோன். அந்த நகரத்து மதிலை உடைக்க ஏலாது. அதற்குள்ளால் ஓடுகிற ஆற்றை மேலே வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டு, தண்ணீர் தொடையளவுக்கு வற்றியதும் சேனையை ஆற்றாலேயே நடத்திக் கொண்டு போனான். இதைக் கேட்டபோது எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. வற்றுத் தண்ணீரில் நடந்து தொழில் செய்கிறவர்களுக்கு அந்த மூளை விளங்கும். பாபிலோனைப் பிடித்தபின், அங்கே சிறையிருந்த யூத சனத்தைப் பார்த்து, உங்கள் ஊருக்குப் போங்கள், உங்கள் கோயிலைக் கட்டுங்கள் என்று கட்டளை போட்டான். கடைசியில் எங்கோ வடக்கே ஒரு ராணியோடு சண்டைக்குப் போய்ச் செத்தான்.

எங்கள் கூத்தில் ஒரு ராசாவை ஒரு ஆள் ஆடுவதில்லை. முதலாம் ராசா, இரண்டாம் ராசா, மூன்றாம் ராசா என்று மூன்று பேர். ஒருவர் களரியில், ஆடுகிற மேடையில், நிற்க மற்றவர் வந்து முடியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தொடருவார். எனக்கு முதலாம் ராசா வேண்டும். காட்டில் போட்ட பிள்ளை தன் கையால் ராசாவாகிற கதை என்னுடைய கதை அல்லவா?

"உனக்குக் குரல் இல்லை," என்றார் அண்ணாவியார்.

"குரல் இல்லாமலோ வாடியிலை பத்துப் பேரை வைச்சு வேலை வாங்குறன்?"

"அது குலைக்கிற குரல். முதலாம் ராசா பாட வேணும். உன்ரை மச்சான் பாடட்டும். உனக்கு உடம்பு இருக்கு, நீ ரெண்டாம் ராசா. கட்டளை போடுறது ரெண்டாம் ராசாதான். உனக்கு அது நல்லாய் வரும்."

மூன்றாம் ராசாவாகச் சாவதற்குக் கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாம் தானாகவே முன்வந்தார்.

கொப்பியை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு ஒரு மாதம் செல்லும். மனைவி எட்டு வரை படித்தவள். அவள் வாசிக்க நான் கேட்டுப் பாடமாக்கினேன். மூன்று தரம் கேட்டால் எனக்குப் போதும். அவள்தான் பொறுமையில்லாதவள்.

"ராசா, முதல் ரெண்டு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ. பாபிலோனைப் பிறகு பிடிக்கலாம்."

ஒத்திகை நடக்கும்போது தோட்டக்காரர் வாழையிலை அறுத்த கத்தியோடு வந்து நின்று பார்ப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, உந்த ராசா யூதரோ?"

"இல்லை அண்ணை. பாரசீகன்."

"அப்ப மற்றச் சமயத்துச் சனத்துக்குக் கோயில் கட்டச் சொல்லி ஏன் கட்டளை போட்டவன்?"

"நீங்கள் ஏன் அண்ணை எங்களுக்குப் புளியமரத்தைத் தந்தனீங்கள்?"

"நிழல் சும்மாதானே கிடந்தது," என்று சொல்லிவிட்டு இலை அறுக்கப் போய்விட்டார்.

கூத்து என்றால் விடிய விடிய நடக்க வேண்டும். ஆனால் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. அதனால் மத்தியானம் சாப்பிட்டுத் தொடங்கி, பொழுது படமுன்னம் முடிப்பதென்று தீர்மானித்தோம். மேலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் தெரியாதபடி புளியமரம் மூடியிருந்தது. உடுப்பெல்லாம் ஊரில் விட்டுவிட்டோம். பிஸ்கட் பெட்டித் தகரத்தில் முடி, சுவாமியாரின் பழைய யன்னல் சீலையில் அங்கி. வாள் மூன்றையும் நானே முருங்கைக் கட்டையில் செதுக்கினேன். அவ்வளவு வடிவான வாளைப் பாரசீகத்திலும் கண்டிருக்க மாட்டார்கள்.

முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூத்துக்கு முதல் நாள் அதைப் பூசைப் பீடத்தில் வைத்து மந்திரிப்போம். அதனால் முடியோடு களரியில் சொன்ன சொல் கோயிலுக்குள் சொன்ன சொல்லுக்குச் சமம் என்பது எங்கள் கரையின் வழக்கம். என் சின்ன வயதில் ஒருவர், முடியைப் போட்டுக்கொண்டு நின்ற உசாரில், பக்கத்து வளவுக்காரனைப் பார்த்து "எல்லையை உனக்கே தந்தோம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் விடிய வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்டார். அழுதுகொண்டுதான் நட்டார், ஆனால் நட்டார்.

கூத்தன்று நீர்வேலிச் சனமும் வந்து புளியடி நிறைந்துவிட்டது. மச்சான் நன்றாகத்தான் பாடினான். இல்லையென்று சொல்ல மாட்டேன். மாட்டிடையன் பிள்ளையைத் தூக்குகிற இடத்தில் ஹெலிச் சத்தம் கேட்டு மத்தளம் நின்றது. சத்தம் போனதும் விட்ட அடியிலேயே தொடங்கியது. பிறகு நான் வந்தேன். மச்சானிடமிருந்து முடியை வாங்கி வைத்துக்கொண்டு பாபிலோனுக்குள் இறங்கினேன். நான் காலைத் தூக்கி வைத்த விதத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்தவர்களுக்கே தெரிந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள்.

கட்டளைப் பாட்டு வந்தது.

"தேசமாளும் சைரசு நான் செப்பும் ஆணை கேளும்,
வாசலெல்லாம் திறந்து விட்டேன், வந்த ஊர்க்கே போவீர்..."

நான் பாடி முடிக்கவில்லை. எங்கள் கரையில் இறால் கூடை சுமக்கிற ஒரு வாய்க்காரி, சனத்துக்குள்ளிருந்து எழும்பி நின்றாள்.

"ராசா! யூதருக்குச் சொன்னது சரி. எங்கடை கோயில் கூரை பீடத்துக்கு மேலை உடைஞ்சு விழுந்து கிடக்காம். அதுக்கு ஆர் மரம் தாறது?"

அந்தச் சேதி இரண்டு நாளைக்கு முந்தித்தான் வந்திருந்தது. முதலில் சனம் சிரித்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மத்தளக்காரன் கையை எடுத்துவிட்டான். கொப்பியில் இதற்குப் பாட்டு இல்லை. ஆனால் ராசா ஒருத்தன் வாயடைத்து நிற்கலாமா?

"மரம் நாம் தருவோம்!" என்றேன், வாளைத் தூக்கி. "கடலேரிச் சேத்துக்குள்ளை கிடக்கிற எங்கடை மரம் முழுக்கக் கோயிலுக்கு! போங்கோ, கட்டுங்கோ!"

புளியமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். பாரசீகத்துச் சைரசுக்கே அப்படி ஒரு ஆரவாரம் கிடைத்திருக்காது. நான் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் என் மனைவியின் முகம் தெரிந்தது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அன்றிரவு அவள் சோற்றை வைத்தாள், போய்ப் படுத்தாள். மச்சான்தான் வந்து பக்கத்தில் குந்தினான்.

"சைரசு ராசா, வள்ளம் எப்ப இறக்கிறியள்?"

"போடா."

"பாட்டு ஆசையிலையோ நான் முதலாம் ராசாவா வந்தனான்? முதலாம் ராசா ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. இப்ப விளங்குதே?"

விடிந்ததும் அண்ணாவியாரிடம் போனேன். "அண்ணாவியார், அது சைரசு சொன்னது. நான் சொல்லேல்லை."

"அப்ப மரமும் சைரசின்ரையோ?" என்றார் அவர்.

பிறகு சுவாமியாரிடம் போனேன். அவர் படித்தவர், நியாயம் தெரிந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "பயப்படாதையும். கூத்திலை சொன்னதைக் கூத்தா எடுங்கோ எண்டு பூசையிலை நானே சனத்துக்குச் சொல்லுறன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஓடாவியின் சொல் கூத்துச் சொல் என்று பூசைக்குள் அறிவிப்பதா?

"பொறுங்கோ சுவாமி, இப்ப சொல்ல வேண்டாம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னார். சைரசுவின் கட்டளையில் உண்மையாகவே மரம் இருக்கிறதாம். மூன்று வரிசை கல்லும் ஒரு வரிசை மரமும் வைத்துக் கட்டச் சொல்லி, செலவை ராச மாளிகை தரும் என்று போட்டிருந்தானாம். ஆனால் கோயில் முடியுமுன்னமே அவன் செத்துப்போனான். வேலையும் நின்றுவிட்டது. கனகாலத்துக்குப் பிறகு இன்னொரு ராசா பழைய ஏட்டைத் தேடியெடுத்து, அந்தக் கட்டளையைக் கண்டுபிடித்துத்தான் முடிக்கச் செய்தானாம்.

நான் கொப்பியில் இல்லாததைச் சொன்னேன், அது வேதாகமத்தில் இருக்கிறது! அன்று முழுக்க நான் சந்தித்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொன்னேன். என் மரத்தைக் கொடுப்பேனோ என்று மட்டும் சொல்லவில்லை.

புரட்டாதியில் ஆமி விட்டுப்போய்க் கோட்டை வெறுமையானது. நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். தோட்டக்காரர் வீட்டுக்கு ஒரு குலை கதலி தந்து அனுப்பினார். என் வாடிக்குக் கூரையில்லை, ஆனால் சுவர் நின்றது. கோயிலில் பீடத்துக்கு மேலே வானம் தெரிந்தது. மாரி வர ஐந்தாறு கிழமைதான் இருந்தது.

ஒரு வற்றுத் தண்ணீர் நாளில் கரைச் சனம் முழுக்கச் சேற்றுக்குள் இறங்கியது. கயிறு கட்டி, ஏலேலோ போட்டு, ஒவ்வொரு மரமாக இழுத்துக் கோயில் முற்றத்தில் அடுக்கினார்கள். நான் மறிக்காமல் ஒரு பக்கத்தில் நின்றேன். கழுவக் கழுவ மரம் கரும்பச்சையாக மின்னியது. அவ்வளவு நல்ல மரம்.

சுவாமியார் வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கூரைத் தச்சரைக் கூப்பிட்டிருந்தார். அவர் அடுக்கைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். காலால் ஒரு மரத்தை உருட்டினார். அது உருளாமல் ஒரு பக்கமாகத் தொப்பென்று விழுந்தது.

"சுவாமி, உது கூரைக்கு ஆகாது. ஒண்டு ரெண்டைத் தவிர எல்லாம் கோணல். கைமரம் எண்டால் நூல் பிடிச்ச மாதிரி நேராய் இருக்க வேணும்."

அவர் சொன்னது சரி. வள்ளத்துக்கு விலா வைக்க இயற்கையிலேயே வளைந்த மரம்தான் வேண்டும். நேர்மரத்தை வளைத்தால் உடையும். நான் ஏழெட்டு வருஷமாகக் கோணல் கோணலாகத் தேடியெடுத்த ஆள். கூரைக்கு மரம் தருகிறேன் என்று வாளைத் தூக்கியபோது அது என் மண்டையில் ஏறவில்லை. கேட்டுக் கைதட்டிய கடற்காரர் ஒருவருக்கும்கூட ஏறவில்லை.

இறால்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சுவாமியார் என் தோளில் கையை வைத்தார். "நீர் தந்தனீர். அது போதும். மரத்தை வாடிக்குக் கொண்டுபோம். உம்மடை சொல் முடிஞ்சுது."

மச்சான் காதுக்குள் வந்தான். "தப்பிட்டாய் மச்சான். கும்பிட்டுப்போட்டு இழு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். சனத்துக்கு முன்னாலேயே சிரித்தாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. வள்ளம் திரும்பி வந்துவிட்டது. ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் கயிற்றைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அப்போது அந்தத் தச்சர் தன்பாட்டில் சொன்னார்: "உந்த மரத்திலை கூரை போட ஒருத்தனாலையும் ஏலாது."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆர் சொன்னது?" என்றேன்.

"நான் சொல்லுறன். முப்பது வருஷமாய்க் கூரை போடுறன்."

"நான் முப்பது வருஷமாய்த் தண்ணியை உள்ளை விடாமல் மரம் பூட்டுறன். கீழாலை வாற தண்ணியையே மறிக்கிறவனுக்கு மேலாலை வாறது ஒரு தண்ணியோ?"

கயிற்றைப் போட்டுவிட்டு மரத்தைப் பிரிக்கத் தொடங்கினேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டால் என்ன? அதுதான் கூரை. ஏராவுக்கென்று வைத்திருந்த நீண்ட மருதைக் கூரையின் உச்சியில் முகட்டு வளையாக ஏற்றினேன். விலாக்களைச் சோடி சோடியாகப் பொருத்தி, இரண்டு பக்கச் சுவரிலும் காலூன்ற வைத்தேன். ஆணி இல்லை, அந்தக் காலத்தில் ஆணியைக்கூட யாழ்ப்பாணத்துக்குள் விடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்தது. மர ஆணி செதுக்கி அடித்தேன். விலாவுக்கு மேலே பலகை பூட்டி, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தேன். அதற்கு மேலே உடைந்த வீடுகளில் பொறுக்கிய ஓடு. தச்சரும் போகவில்லை. முதல் நாள் பார்த்துக்கொண்டு நின்றார், இரண்டாம் நாள் ஏணி பிடித்தார், மூன்றாம் நாள் ஓடு நழுவாமல் சிலாகைச் சட்டம் அடிக்கிற முறையைத் தானே செய்து காட்டினார். ஓட்டு வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதை நான் ஒத்துக்கொள்ளுகிறேன். முடிந்தபோது என்னிடம் ஒரு துடுப்புச் செதுக்கவும் மரம் மிச்சமில்லை.

அந்த ஐந்து கிழமையும் மனைவி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து ஏணியடியில் வைப்பாள், நிமிர்ந்து பார்க்காமல் போவாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பூசை நடந்துகொண்டிருக்கும்போது மாரி தொடங்கியது. அதுவரை தூறல்தான், இது கொட்டியது. கோயிலின் பழைய பக்கத்துக் கூரை, செல் படாத பக்கம், மூன்று இடத்தில் ஒழுகியது. ஆண்கள் பக்கம் முதலில் எழும்பியது, பிறகு பெண்கள். எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு பீடத்தை நோக்கி நகர்ந்தார்கள். சுவாமியார் திரும்பிப் பார்த்தால் சனம் அவருக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

"சரி, வாங்கோ, வாங்கோ," என்று சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

நான் மேலே பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மச்சான் பாட்டுப் பாடுகிற நேரத்திலும் வாயைத் திறந்தபடி மேலேதான் பார்த்தான், ஒரு சொட்டாவது விழாதா என்று. விழவில்லை.

பூசை முடிந்தும் மழை விடவில்லை. ஒருவரும் வெளியே போக ஏலாமல் அந்தக் கூரைக்குக் கீழேயே நின்றோம். என் மனைவி சனத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குனிந்து நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு முதல் முறையாக நிமிர்ந்து, முகட்டிலிருந்து சுவர் வரை ஒவ்வொரு விலாவாகப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

"என்ன?"

"இன்னும் ரெண்டு முழம் நீட்டிக் கட்டியிருக்கலாமே. பாருங்கோ, என்ரை அண்ணைக்கு முதுகு நனையுது."

"மரம் முடிஞ்சுது."

"அப்ப பிறகும் மரம் சேர்க்க வேண்டியதுதானே," என்றாள், தமையனைக் கையில் பிடித்து உள்ளே இழுத்தபடி.